எந்த வண்டி எங்கே நிற்கிறது: லண்டன் ஆம்புலன்ஸ் சேவை, 1992 – ஒரு நிகழ்வு ஆய்வு

மேலாண்மைத் தகவல் அமைப்புகள் பாடத்தில் தோல்விகளைப் படிக்கும் வாரம் வந்தால், லண்டன் ஆம்புலன்ஸ் சேவையின் பெயரும் கூடவே வந்துவிடும். 1992 அக்டோபர் 26, திங்கட்கிழமை, அந்தச் சேவை தன் கட்டுப்பாட்டு அறையைக் காகிதத்திலிருந்து கணினிக்கு ஒரேயடியாக மாற்றியது. மறுநாள் பிற்பகலுக்குள் பாதி தூரம் பின்வாங்கியது. ஒன்பது நாள் கழித்து முழுவதுமாகக் காகிதத்துக்கே திரும்பிவிட்டது.

இதைப் பற்றி மாணவர்கள் எழுதிக் கொடுக்கும் அறிக்கைகளில் நான்கு காரணங்கள் தவறாமல் இடம்பெறும்: மலிவான டெண்டர், நெருக்கிய கெடு, போதாத சோதனை, போதாத பயிற்சி. நான்கும் உண்மைதான். ஆனால் நிறுவனத்தின் பெயரை மட்டும் மாற்றினால் அதே நான்கும் வேறு பத்துத் தோல்விகளுக்கும் பொருந்திவிடும். இந்த நிகழ்வுக்கே உரிய ஒரு விஷயம், சரிவைப் பிறகு விசாரித்த குழுவின் அறிக்கையில் இருக்கிறது. முதல் இரண்டு நாளும் கணினி தொழில்நுட்ப ரீதியில் பழுதாகவில்லை என்று அந்த அறிக்கை சொல்கிறது. சில நேரங்களில் பொறுக்க முடியாத அளவுக்கு மந்தமானாலும், மொத்தத்தில் தனக்கு வகுத்துக் கொடுத்த வேலையைத்தான் அது செய்தது. அப்படியானால் சரிந்தது எது? இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு நிகழ்வை முதலிலிருந்து பார்க்கலாம்.

பழைய கட்டுப்பாட்டு அறை

அப்போது லண்டன் ஆம்புலன்ஸ் சேவையின் பொறுப்பில் இருந்த பரப்பு சுமார் 600 சதுர மைல். அங்கே குடியிருந்தவர்கள் 68 லட்சம் பேர். நாளொன்றுக்கு 5,000 நோயாளிகளுக்கு மேல் ஏற்றிச் சென்றார்கள். தினமும் வந்த 2,000 முதல் 2,500 அழைப்புகளில் 1,300 முதல் 1,600 வரை 999 என்ற அவசர எண்ணுக்கு வந்தவை. அத்தனையும் வாட்டர்லூவில் இருந்த தலைமையகத்தின் ஒரே அறைக்குள் வந்து சேர்ந்தன.

அழைப்பை எடுப்பவர் விவரங்களை ஓர் அச்சிட்ட படிவத்தில் எழுதுவார். வரைபடப் புத்தகத்தைப் புரட்டி இடத்தின் குறியெண்ணைக் கண்டுபிடித்து அதையும் குறிப்பார். படிவம் நகரும் பட்டையில் ஏறி அறையின் இன்னொரு முனைக்குப் போகும். அங்கே இருப்பவர் படிவங்களைப் படித்து, ஒரே விபத்துக்கு இரண்டு பேர் அழைத்திருந்தால் ஒன்றை ஒதுக்கிவிட்டு, லண்டனின் எந்தப் பிரிவுக்குரியதோ அந்தப் பிரிவின் வண்டி ஒதுக்குபவரிடம் கொடுப்பார். ஒதுக்குபவருக்குத் தன் பகுதியில் எந்த வண்டி எங்கே இருக்கிறது, யார் மருத்துவமனையிலிருந்து திரும்பப் போகிறார், எந்தச் சாலை எந்த நேரத்தில் அடைத்துக்கொள்ளும் என்பதெல்லாம் தெரியும். அவர் தேர்ந்தெடுத்த வண்டிக்குத் தொலைபேசியிலோ ரேடியோவிலோ தகவல் போகும். அழைப்பு வந்ததிலிருந்து வண்டிக்கு உத்தரவு போவது வரை எல்லாம் மூன்று நிமிடத்துக்குள் முடிய வேண்டும் என்பது கணக்கு.

இந்த முறையில் குறைகள் நிறைய இருந்தன. வரைபடம் புரட்ட நேரமாகும். இரட்டை அழைப்பைக் கண்டுபிடிப்பது ஒருவரின் நினைவாற்றலை நம்பியிருக்கும். ரேடியோவில் ஒரே நேரத்தில் பலர் காத்திருப்பார்கள். ‘வண்டி இன்னும் வரவில்லையே’ என்று யாராவது மறுபடி அழைத்தால், அழைப்பை எடுத்தவர் நாற்காலியை விட்டு எழுந்து, அறையைக் கடந்து, ஒதுக்குபவரிடம் போய்க் கேட்டுவிட்டுத் திரும்ப வேண்டும்.

இந்தக் கடைசிக் குறையில் சற்று நின்றாக வேண்டும். கணினிமயமாக்கலின் நோக்கங்களைப் பட்டியலிடும் எந்த ஆவணத்திலும் அப்படி எழுந்து நடப்பது நேர விரயமாகவே பதிவாகும். நின்று பார்த்தால், அந்த நடையில் ஒரு வேலை நடந்துகொண்டிருந்தது. ‘அந்த வண்டி இன்னும் போய்ச் சேரவில்லையாம்’ என்று ஒருவர் சொன்னதும், படிவத்தில் ‘அனுப்பப்பட்டது’ என்று இருந்த தகவல் பொய்யாகிவிட்டது என்பது இன்னொருவருக்குத் தெரிந்துவிடும். அவர் ரேடியோவை எடுத்து விசாரிப்பார். பிழை அங்கேயே திருத்தப்பட்டுவிடும். பழைய முறையின் தகவலும் பிழையானதுதான். அந்தப் பிழையைத் திருத்திக்கொண்டே இருந்தவர்கள் அந்த அறைக்குள் இருந்தார்கள். யாருடைய பணி விவரணத்திலும் இந்த வேலை எழுதப்பட்டிருக்கவில்லை. எழுதப்படாததால் தேவைகளைத் தொகுத்த ஆவணத்திலும் அது ஏறவில்லை.

ஒப்பந்தம்

கணினிமயமாக்க இதற்கு முன்பே ஒரு முயற்சி நடந்து, சுமைச் சோதனையில் (பல அழைப்புகள் ஒன்றாக வந்தால் தாங்குமா என்று பார்ப்பதில்) தோற்று, 1990-இல் கைவிடப்பட்டிருந்தது. அதில் 75 லட்சம் பவுண்டு போயிருந்தது. இரண்டாவது முயற்சிக்கு ஓர் ஆலோசனை நிறுவனம் கொடுத்த மதிப்பீட்டில் இரண்டு பகுதிகள் இருந்தன. ஆயத்த மென்பொருள் கிடைத்தால் 15 லட்சம் பவுண்டும் 19 மாதமும் போதும் என்பது ஒன்று. அப்படிக் கிடைக்காவிட்டால் செலவும் காலமும் வெகுவாகக் கூடும் என்பது மற்றொன்று. ஆயத்த மென்பொருள் எதுவும் பொருந்தாது என்று முடிவெடுத்த பிறகும், நடைமுறையில் முதல் பகுதியின் தொகைதான் வரம்பாக நின்றது.

1991 பிப்ரவரியில் டெண்டர் அறிவிக்கப்பட்டது. 1992 ஜனவரி 8-க்குள் முழு அமைப்பும் இயங்க வேண்டும். அந்தத் தேதியில் பேச்சுவார்த்தைக்கு இடமில்லை. அனுபவம் மிக்க பல நிறுவனங்கள் இந்தக் கெடு நடக்காத காரியம் என்று சொல்லிவிட்டன. கடைசியில் ஏப்ரிகாட், சிஸ்டம்ஸ் ஆப்ஷன்ஸ், டேட்டாட்ராக் ஆகிய மூன்று நிறுவனங்களும் கூட்டாகக் கொடுத்த விலை ஏற்கப்பட்டது. அது 9,37,463 பவுண்டு. அடுத்த விலையைவிட சுமார் 7 லட்சம் பவுண்டு குறைவு. அதிலும் அழைப்பைப் பெற்று வண்டியை ஒதுக்கும் மென்பொருளுக்கென்று போடப்பட்டிருந்தது 35,000 பவுண்டு மட்டுமே. மற்றதில் பெரும்பகுதி கருவிகளுக்கானது. உயிர் காக்கும் சேவையின் மூளைக்கு இவ்வளவுதானா என்று கேட்பதற்கு அந்த மேசையில் யாரும் இல்லை என்பதே எனக்கு இந்தப் பகுதியில் அதிகம் உறுத்தும் செய்தி.

திட்ட மேலாண்மைக்கு பிரின்ஸ் (PRINCE) என்ற வரையறுத்த முறையைப் பின்பற்ற வேண்டும் என்று விதித்திருந்தார்கள். அதைக் கையாண்டு பழகியவர்கள் இரு தரப்பிலும் இல்லாததால் அது பெயரளவில் நின்றது. கெடு தவறியது. வேலை கட்டம் கட்டமாகப் பிரிக்கப்பட்டது; 1992 அக்டோபர் வரை அரைகுறை வடிவம் பிரிவு பிரிவாகச் சோதனை ஓட்டத்தில் இருந்தது. திரைகள் உறைந்தன. ஒருமுறை பிரிண்டரை அணைத்துவிட்டுப் போட்டதில், அதன் நினைவகத்தில் அச்சாகக் காத்திருந்த அவசர அழைப்புகள் அப்படியே அழிந்துபோயின. கெடு தள்ளிக்கொண்டே போனதால், முன்கூட்டியே கொடுத்திருந்த பயிற்சி ஊழியர்களுக்கு மறந்தும் போயிருந்தது. போதாததற்கு, வண்டியில் இருப்பவர்களுக்கும் அறையில் இருப்பவர்களுக்கும் தனித்தனியாகத்தான் பயிற்சி நடந்தது. ஒருவர் அழுத்தும் பட்டன் இன்னொருவர் திரையில் என்ன செய்யும் என்பதை இரு தரப்பும் சேர்ந்து பார்க்கவே இல்லை.

அக்டோபர் 26

புதிய அமைப்பின் கருத்து அழகானது. ஒவ்வொரு வண்டியிலும் இருப்பிடத்தைத் தானாகத் தெரிவிக்கும் கருவி இருக்கும். குழுவினர் புறப்பட்டதும் ஒரு பட்டன், இடத்தை அடைந்ததும் ஒரு பட்டன், நோயாளியுடன் கிளம்பியதும் ஒரு பட்டன், வேலை முடிந்ததும் ஒரு பட்டன் அழுத்துவார்கள். கணினிக்கு எல்லா வண்டியின் இடமும் நிலையும் தெரிந்திருக்கும். அழைப்பு வந்ததும் மிக அருகில் ஓய்வாக இருக்கும் வண்டியை அது தேர்ந்தெடுக்கும். உத்தரவு வண்டியின் சிறு திரைக்கு நேராகப் போய்ச் சேரும்.

இவ்வளவும் நடக்க ஒரே ஒரு நிபந்தனை உண்டு. எந்த வண்டி எங்கே, என்ன நிலையில் இருக்கிறது என்ற தகவல் ஏறக்குறைய முழுமையாக, ஏறக்குறைய எப்போதும் சரியாக இருக்க வேண்டும்.

அன்று காலை மூன்று மாற்றங்கள் ஒன்றாக நிகழ்ந்தன. கட்டுப்பாட்டு அறையின் இருக்கை அமைப்பே மாற்றப்பட்டது. பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தவர்கள் தள்ளித் தள்ளி உட்கார வைக்கப்பட்டார்கள். பிரிவு பிரிவாக இயங்கிய ஒதுக்கீடு லண்டன் முழுவதற்கும் ஒன்றானது. பகுதியை அறிந்தவரின் அறிவுக்கு இடம் போயிற்று. காகிதம் அறையிலிருந்து அகற்றப்பட்டது. அறியப்பட்டிருந்தும் சரிசெய்யப்படாத குறைகள் அப்போது 81 இருந்தன. முழுச் சுமையில் அமைப்பு ஒருமுறைகூடச் சோதிக்கப்பட்டிருக்கவில்லை.

காலையில் அழைப்புகள் குறைவாக இருந்தவரை சமாளிக்க முடிந்தது. பிறகு நடந்ததை ஒரே ஒரு வண்டியின் வழியாகப் பார்த்தால்தான் புரியும்.

ஒரு குழு ஷிஃப்ட் தொடங்கும்போது தனக்குக் குறிக்கப்பட்ட வண்டியை விட்டுப் பக்கத்து வண்டியை எடுத்துச் செல்கிறது என்று வைத்துக்கொள்வோம். நிலையத்தில் சாதாரணமாக நடப்பதுதான். கணினியைப் பொறுத்தவரை முதல் வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது, இரண்டாவது நிற்கிறது. அல்லது குழு சரியான வண்டியில்தான் இருக்கிறது. உயரமான கட்டடங்களுக்கிடையே ரேடியோ அலை எட்டாத இடத்தில் பட்டனை அழுத்துகிறது. தகவல் போகவில்லை. அல்லது மூச்சுத் திணறும் நோயாளியைத் தூக்கிக்கொண்டு ஓடும் அவசரத்தில் ஒரு பட்டனை அழுத்த மறந்து, அடுத்ததை முதலில் அழுத்திவிடுகிறது. விளைவு மூன்றிலும் ஒன்றே: அந்த வண்டியைப் பற்றிக் கணினிக்குத் தெரிந்தது பொய்.

அந்தப் பொய்யை வைத்து அது அடுத்த அழைப்புக்கு வண்டி தேடுகிறது. அருகில் உண்மையிலேயே ஓய்வாக நிற்பது அதன் கண்ணுக்குப் படுவதில்லை. தொலைவிலிருந்து ஒன்றை அனுப்புகிறது. சில இடத்துக்கு இரண்டை அனுப்புகிறது. தொலைவிலிருந்து வருபவர்களுக்குச் சாலைகள் புதியவை. அவர்கள் தாமதிக்கிறார்கள், எரிச்சலடைகிறார்கள், ரேடியோவில் குரல் வழியே கேட்கிறார்கள். ரேடியோ அடைத்துக்கொள்கிறது. அது அடைத்துக்கொண்டதால் மற்ற வண்டிகளின் பட்டன் தகவலும் வந்து சேர மேலும் தாமதமாகிறது. பொய்த் தகவல் பெருகுகிறது.

தனக்குப் புரியாத ஒவ்வொன்றுக்கும் கணினி ஓர் எச்சரிக்கைச் செய்தி எழுப்பி, மனிதரின் கவனத்துக்கு வரிசையில் வைத்தது. கவனிக்கப்படாத செய்தி புதிய செய்திகளைப் பிறப்பித்தது. வரிசை நீண்டு, திரையின் மேல் விளிம்பைத் தாண்டி நகர்ந்து மறைந்தது. உடனே பார்க்க வேண்டிய எச்சரிக்கையும், உதவிக்குக் காத்திருந்தவரின் அழைப்பும் அந்த விளிம்புக்கு மேலே போய்விட்டன. செய்திகள் பெருகப் பெருகக் கணினியும் மந்தமானது. வண்டி வராத வீடுகளிலிருந்து மறுபடி மறுபடி அழைப்பு வந்தது. அவையும் புதிய அழைப்புகளாகப் பதிவாகி வரிசையை நீட்டின. 999-க்கு அழைத்தவர்களுக்கு மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க ஆள் இல்லை.

இங்கேதான் அந்த நடை நினைவுக்கு வருகிறது. முன்பு மறு அழைப்பு வந்தால் ஒருவர் எழுந்து போய் இன்னொருவரிடம் கேட்டார், பிழை குறைந்தது. இப்போது அதே மறு அழைப்பு பிழையைக் கூட்டியது. வெளியிலிருந்து வந்த தகவல் ஒன்றுதான். அதை அமைப்பு எந்தத் திசையில் கொண்டுபோனது என்பதுதான் மாறியிருந்தது. பின்னூட்டம் (செய்ததன் விளைவு அமைப்புக்கே தகவலாகத் திரும்பி வருவது) என்ற சொல்லைப் பாடப்புத்தகத்தில் வரையறையாகப் படிக்கும் மாணவர், இந்த இரண்டு அறைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து, அம்புக்குறி எங்கே திரும்புகிறது என்று பார்க்க வேண்டும். என் வகுப்பில் நான் முதலில் கேட்பது அந்தப் படத்தைத்தான். படம் சரியாக இருந்தால் மற்ற பகுதியை எழுதுவது எளிது.

குழுவினர் வேண்டுமென்றே பட்டன்களைத் தவறாக அழுத்தினார்கள் என்ற பேச்சும் அப்போது எழுந்தது. 1989-90-இல் ஊதியத்துக்காக நாடு தழுவிய ஆம்புலன்ஸ் போராட்டம் நடந்து ஓய்ந்திருந்த காலம் அது. நிர்வாகத்துக்கும் ஊழியர்களுக்கும் இடையே நம்பிக்கை குலைந்திருந்தது. எவ்வளவு பேர் அப்படிச் செய்தார்கள் என்பதில் மாணவர் தன் அறிக்கையின் பக்கங்களைச் செலவழிக்க வேண்டாம். ஒரு நாளில் பல்லாயிரம் முறை அழுத்தப்படும் பட்டன், நோயாளியின் கையைப் பிடித்திருக்கும் ஒருவரால் அழுத்தப்படும் பட்டன், சில நூறு முறையாவது தவறாகத்தான் அழுத்தப்படும். அதைத் தாங்காத வடிவமைப்பு தன் பயனரை ஒருநாளும் பார்த்திராத வடிவமைப்பு.

இரண்டாவது சரிவு

அக்டோபர் 27 பிற்பகல் அரைக் காகித முறைக்குத் திரும்பினார்கள். அழைப்பைக் கணினி பெறும், விவரம் அச்சாகும், வண்டியை மனிதர் தேர்ந்தெடுப்பார். நிலைமை ஓரளவு சீரானது. இதுவே ஒரு முக்கியமான சான்று. அதே மென்பொருள், அதே கருவிகள், அதே ஊழியர்கள். ஒதுக்கும் முடிவு மட்டும் கை மாறியது.

நவம்பர் 4 அதிகாலை இரண்டு மணிக்குப் பிறகு கணினி மந்தமாகி, அப்படியே நின்றது. மறுபடி இயக்கிப் பார்த்தும் பயனில்லை. மாற்றுச் சர்வருக்கு வேலை கை மாறியிருக்க வேண்டும், மாறவில்லை. முழுக் கணினி முறைக்கென்று திட்டமிடப்பட்டிருந்த அந்த ஏற்பாடு, அச்சிடும் இந்த அரைமுறையில் சோதிக்கப்பட்டிருக்கவே இல்லை. ஊழியர்கள் ஒலிப்பதிவு நாடாக்களைத் திரும்பக் கேட்டு, அதுவரை வந்த அழைப்புகளைக் குறித்துக்கொண்டு, முழுக் காகித முறைக்கு மாறினார்கள்.

காரணம் சிறியது. மூன்று வாரத்துக்கு முன் ஒரு நிரலாளர் மாற்றம் செய்தபோது விட்டுச்சென்ற ஒரு துண்டு நிரல், ஒவ்வொரு முறை வண்டிக்கு உத்தரவு போகும்போதும் சர்வரின் நினைவகத்தில் கொஞ்சத்தைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. மூன்று வாரத்தில் நினைவகம் தீர்ந்துவிட்டது.

மாணவர்களின் பல அறிக்கைகளில் இந்த இரண்டு சரிவுகளும் ஒன்றாகக் குழைக்கப்பட்டிருக்கும். ‘மென்பொருள் பிழையால் லண்டனில் ஆம்புலன்ஸ் நின்றது’ என்று ஒரே வரியில் முடிந்துவிடும். பிரித்துப் பார்ப்பது அவசியம். நவம்பர் 4-இல் நடந்தது நிரல் பிழை. அது கண்ணுக்குத் தெரிந்தது, சிறிது நேரத்தில் காகிதம் மேசைக்கு வந்தது, சேவை தொடர்ந்தது. அக்டோபர் 26-இல் எந்தப் பகுதியும் உடையவில்லை. அதனாலேயே எதை நிறுத்துவது என்று யாருக்கும் தெரியாமல் ஒன்றரை நாள் போயிற்று.

முடிவெடுக்கும் வேலையை எப்படிப் புரிந்துகொண்டார்கள்

முடிவெடுத்தலை ஆராய்ந்த ஹெர்பர்ட் சைமன், விதியாக எழுதிவிடக்கூடிய நிரலாக்கத்தக்க முடிவு, மனிதரின் தீர்ப்பு தேவைப்படும் நிரலாக்க இயலாத முடிவு என்று பிரித்தார். கோரி, ஸ்காட் மார்ட்டன் இருவரும் 1971-இல் அதை மேலாண்மைத் தகவல் அமைப்புகளுக்குக் கொண்டுவந்து, அவற்றைக் கட்டமைந்த முடிவு, கட்டமையாத முடிவு என்றழைத்து, இரண்டுக்கும் நடுவே பாதி கட்டமைந்த முடிவு என்ற வகையை வைத்தார்கள். இந்த நிகழ்வில் அந்தப் பகுப்பைப் பயன்படுத்துவது அலங்காரத்துக்காகக் கூடாது. எந்த வண்டியை அனுப்புவது என்பது பார்ப்பதற்கு முழுதும் கட்டமைந்த முடிவு: தூரத்தைக் கணக்கிடு, குறைந்ததைத் தேர்ந்தெடு. வடிவமைப்பு அப்படித்தான் எடுத்துக்கொண்டது. உண்மையில் ஒதுக்குபவர் தூரத்தோடு இன்னொன்றையும் எடைபோட்டுக்கொண்டிருந்தார். தன் முன் இருக்கும் தகவலை எவ்வளவு நம்பலாம் என்பதை. ‘இந்த வண்டி பத்து நிமிடமாகப் பேசவில்லையே, விசாரித்துவிட்டு அனுப்புவோம்’ என்ற அந்த எண்ணத்தில்தான் முடிவின் கட்டமையாத பாதி இருந்தது. கணினிக்கு வந்த எல்லாத் தகவலும் ஒரே எடை கொண்டவை.

நேரடி மாற்றம் (ஒரேயடியாக மாறுவது), இணை ஓட்டம் (பழையதையும் புதியதையும் சேர்த்து ஓட்டுவது), கட்ட மாற்றம் (பகுதி பகுதியாக மாறுவது) என்ற அமலாக்க முறைகளைப் பற்றியும் மாணவர் தன் அறிக்கையில் எழுதலாம், எழுத வேண்டும். ஆனால் இணையாக ஓட்டியிருந்தாலும் வடிவமைப்பின் பிழை மறைந்திருக்காது. அது மக்கள் காத்திருக்காத நேரத்தில் வெளிப்பட்டிருக்கும், அவ்வளவே. அந்த ‘அவ்வளவே’ எத்தனை பெரியது என்பதை மறந்துவிடக் கூடாது.

பிறகு

தலைமை நிர்வாகி ஜான் வில்பி அக்டோபர் 28-இல் பதவி விலகினார். தாமதத்தால் 20 முதல் 30 பேர் வரை இறந்திருக்கலாம் என்று பத்திரிகைகள் எழுதின. எந்த மரண விசாரணையும் ஓர் இறப்பைக்கூட இந்தத் தாமதத்தின் கணக்கில் எழுதவில்லை. அறிக்கை எழுதுபவர்கள் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொள்வதை நிறையப் பார்த்திருக்கிறேன். அது தவறு. தென் யார்க்ஷயர் ஆம்புலன்ஸ் சேவையின் தலைமை நிர்வாகி டான் பேஜ் தலைமையில் மூவர் குழு விசாரித்து, 1993 பிப்ரவரியில் அறிக்கை வெளியிட்டது. மென்பொருளும் தயாராக இல்லை, அதைப் பயன்படுத்துபவர்களும் தயாராக இல்லை என்பது அதன் தீர்ப்பு.

அதன்பின் நடந்ததைப் பெரும்பாலான பாடக் குறிப்புகள் விட்டுவிடுகின்றன. லண்டன் சேவை காகித முறையிலேயே மூன்று ஆண்டுக்கு மேல் இருந்தது. அந்தக் காலத்தில் முதலில் புதிய வண்டிகள் வந்தன. பணி நேர முறைகள் ஊழியர்களுடன் பேசி மாற்றப்பட்டன. புதிய கட்டுப்பாட்டு அறை கட்டப்பட்டது. கணினி அமைப்பைச் சேவையின் சொந்தக் குழுவே எழுதியது. அதைப் பயன்படுத்தப் போகிறவர்கள் முன்மாதிரிகளைத் தொட்டுப் பார்த்துக் குறை சொன்னார்கள், குழு திருத்தியது. வெளியிலிருந்து அழுத்தம் வந்தபோதும் தேதி நிர்ணயித்து அவசரப்படுத்தவில்லை. 1996 ஜனவரியில் அது இயங்கத் தொடங்கியபோது மிகச் சிறிய வேலையை மட்டுமே செய்தது: அழைப்பின் விவரங்களைப் பதிந்து, முகவரியைக் கண்டுபிடித்து, உரிய மேசைக்கு அனுப்பியது. அது நிலைத்த பிறகு ஒவ்வொரு வசதியாகச் சேர்த்தார்கள். 1997-இல் பிரிட்டிஷ் கம்ப்யூட்டர் சொசைட்டியின் தகவல் அமைப்பு மேலாண்மை விருது அந்த அமைப்புக்குக் கிடைத்தது. எந்த வண்டியை அனுப்புவது என்ற முடிவை, 1996-இல் அது வந்த முதல் நாளில், திரையின் முன் உட்கார்ந்திருந்த மனிதரிடமே விட்டிருந்தார்கள்.